பழவேற்காடு முதல் பத்தாவியா வரை: சோழமண்டலக் கரையின் அடிமை வணிகத்தை ஆராய ஒரு முழு வழிகாட்டி

17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றி விற்றார்கள் என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் முதலில் நம்புவதில்லை. அடிமைக் கப்பல் என்றதும் எல்லோர் மனதிலும் ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும்தான் வருகின்றன. அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை, அட்லாண்டிக் பக்கத்தில் 36,000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்களை ஒரே தரவுத்தளத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள், ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் ஏற்றப்பட்ட கணக்கு அங்கே நிற்கிறது. நம் பக்கத்துக் கணக்கோ நாலைந்து நாடுகளின் ஆவணக் காப்பகங்களில், நாலைந்து மொழிகளில், துணிமூட்டைக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு வரியாகச் சிதறிக் கிடக்கிறது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, அதன் முன்னும் பின்னும் போய் ஆளைத் தேடுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை நினைத்து எழுதுகிறேன், ஆனால் தன் ஊர்த் துறைமுகத்தின் கதையைத் தேடுகிற யாரும் இதை வைத்துத் தொடங்கலாம்.

தொடங்கும் முன் ஒரு பழைய வழக்கு. சுந்தரர் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று "இவன் எனக்கு அடிமை" என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை, கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் பாட்டனார் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்கிறார்கள். அங்கே கேட்கப்படும் சான்று மூன்று வகை: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. வழக்கத்தில் இருந்ததா, எழுத்தில் இருக்கிறதா, பார்த்த மூன்றாம் ஆள் உண்டா? ஆய்வு முறை பற்றி எனக்குக் கற்பித்த எந்த வகுப்பைவிடவும் இந்த மூன்று சொல்தான் அதிகம் உதவியிருக்கிறது, கீழே அடிக்கடி இதற்கே திரும்பி வருவேன்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"இந்தியப் பெருங்கடல் அடிமை வணிகம்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு காப்பகத்துக்குள் நுழைந்தால் மூன்று மாதம் கழித்து வெறுங்கையோடு வெளியே வருவீர்கள். ஒரு துறைமுகம், ஒரு வழித்தடம், மூன்று நான்கு ஆண்டுகள், அவ்வளவு போதும். உதாரணமாக, "1659 முதல் 1661 வரை நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்கு". டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து கொழும்பை 1656-இலும், யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் 1658-இலும் பிடித்தார்கள், ஆக இரண்டு கரையும் ஒரே கம்பெனியின் கையில் வந்த உடனடி ஆண்டுகள் இவை. ஏற்றிய துறையின் கடிதமும் இறக்கிய துறையின் கடிதமும் ஒரே காப்பகத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கால எல்லையையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கி 1799-இன் கடைசி நாளோடு முடிந்தது. பழவேற்காட்டில் அவர்கள் பண்டகசாலை 1610-இலும் ஜெல்ட்ரியா கோட்டை 1613-இலும் வந்தன. நாகப்பட்டினம் 1781-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆங்கிலக் கம்பெனியின் இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற சட்டம் 1843-இல் வந்தது, டச்சு இந்தோனேசியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1860-இல்.

காகிதத்தைத் தொடும் முன் வானிலையைப் பாருங்கள்

இதைப் பலரும் கடைசியில் செய்கிறார்கள், நான் முதலில் செய்யச் சொல்வேன். சோழமண்டலக் கரையின் அடிமை ஏற்றுமதி ஆண்டுதோறும் சீராக ஓடிய வணிகம் இல்லை. திடீரென்று பொங்கும், அப்புறம் வற்றிவிடும். எப்போது பொங்கியது என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் பஞ்சமும் படையெடுப்பும் கைகோத்து நிற்கின்றன. இதை வரிசைப்படுத்திக் காட்டியவர் மார்க்கஸ் விங்க் என்ற வரலாற்றாசிரியர், 2003-இல் வெளிவந்த ஒரு நீண்ட கட்டுரையில். அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் இந்தக் கரையின் வணிகத்தை டச்சு ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்து எழுதியிருக்கிறார். இந்த இருவரையும் படிக்காமல் மூல ஆவணத்துக்குப் போகாதீர்கள், ஏற்கெனவே வெட்டிய கிணற்றையே மறுபடி வெட்டுவீர்கள்.

முதலில் பொங்கியது 1622, 1623 வாக்கில், பழவேற்காடும் கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினமும் மையம். கேட்டவர் யார்? டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநர் ஜான் பீட்டர்சூன் கூன், பத்தாவியா நகரத்தை (இன்றைய ஜகார்த்தா) 1619-இல் நிறுவியவர், 1621-இல் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் விரட்டியும் காலி செய்தவர். ஜாதிக்காய்த் தோட்டங்கள் கையில் வந்துவிட்டன, வேலை செய்ய ஆளில்லை, நம் கரையில் பஞ்சம். இரண்டாவது 1645, 1646-இல், விஜயநகரத்தின் மிச்சமும் நாயக்க அரசுகளும் பீஜப்பூர், கோல்கொண்டாப் படைகளுக்கு நடுவே நசுங்கிய சமயம்: 2,118 பேர் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலும் தென் சோழமண்டலத்திலிருந்து, கொஞ்சம் பேர் தொண்டி, அதிராம்பட்டினம், காயல்பட்டினம் பக்கத்திலிருந்தும். மூன்றாவதுதான் பெரியது. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடிய காலம், 8,000 முதல் 10,000 பேர் வரை இலங்கை, பத்தாவியா, மலாக்கா என்று போனார்கள் என்பது விங்கின் கணக்கு. 1673-இல் மதுரைச் சீமையில் தொடங்கிய நீண்ட வறட்சி, கூடவே தஞ்சையில் மராட்டியர் ஏகோஜியின் வருகை, அந்த நாலைந்து ஆண்டுகளில் மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர். 1680-களின் கடைசியில் மொகலாயப் படை கர்நாடகத்துக்குள் இறங்கியபோது மறுபடியும். 1694 முதல் 1696 வரை 3,859 பேரைத் தனி ஆட்களே இலங்கைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதிலிருந்து என்ன செய்ய வேண்டும்? உங்கள் ஆண்டுகளுக்கு ஒரு நாட்காட்டி போடுங்கள், ஒவ்வொரு மாதத்துக்கும் மழை, படை நடமாட்டம், நெல் விலை. டச்சு அதிகாரிகள் நெல் விலையை விடாமல் எழுதினார்கள், அரிசி வாங்கி விற்பதும் அவர்கள் தொழில்தானே. நெல் விலை ஏறிய கடிதத்துக்கு அடுத்த சில கடிதங்களில் ஆள் விலை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும், ஆனாலும் இந்த வணிகம் ஓடிய விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

எந்தக் காகிதம் எங்கே

மூட்டையின் பெரும்பகுதி நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசியக் காப்பகத்தில். கம்பெனி ஆவணங்கள் மட்டும் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அலமாரிகளில் இருக்கின்றன, யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 2003-இல் சேர்ந்தவை. நல்ல செய்தி, விமான டிக்கெட் வேண்டாம், ஸ்கேன் செய்த பக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைவிட நல்ல செய்தி, குளோபலைஸ் என்ற திட்டம் ஏறத்தாழ 50 லட்சம் ஸ்கேன்களின் கையெழுத்தைக் கணினியால் படிக்கவைத்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றியிருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் இந்த வேலையைச் செய்தவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

அங்கே நீங்கள் முதலில் தேட வேண்டியது ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களும் காகிதங்களும் என்ற பெரிய தொகுதி. இதில் புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: அந்தத் தொகுதிகள் காகிதம் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த ஆண்டின்படி அடுக்கப்பட்டவை. 1660-இல் நாகப்பட்டினத்தில் எழுதிய கடிதம் பத்தாவியாவுக்குப் போய், படியெடுத்து, கப்பலேறி வருவதற்குள் ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடும். 1660 என்ற தொகுதியைத் திறந்து ஒன்றுமில்லை என்று மூடாதீர்கள், 1661, 1662 தொகுதிகளைத் திறங்கள்.

பத்தாவியா பக்கத்தைப் பார்க்க, அங்கிருந்த கோட்டையின் தினக்குறிப்பு இருக்கிறது, 1624 முதல் 1682 வரையிலான பகுதி, இடையிடையே விடுபட்ட ஆண்டுகளோடு, அச்சாகியிருக்கிறது. எந்தக் கப்பல் எந்த நாளில் என்ன சரக்கோடு வந்தது என்று அதில் வரும். தலைமை ஆளுநர் தாயகத்துக்கு அனுப்பிய பொதுக் கடிதங்களும் பல தொகுதிகளாக அச்சில் உள்ளன. பழைய டச்சுக் கையெழுத்து படிக்கப் பழகும் வரை இந்த அச்சுத் தொகுதிகளிலேயே காலம் தள்ளலாம், தப்பில்லை.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சுப் பதிவுகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பங்கு கொச்சியிலிருந்து வந்த மலபார்ப் பதிவுகள், பழவேற்காட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அதே கட்டடத்தில் ஆங்கிலக் கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளும் இருக்கின்றன, அவற்றின் ஆலோசனைக் கூட்டக் குறிப்புகள் பெருமளவு அச்சாகிவிட்டன. கல்வி நிறுவனத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுப் போங்கள். இலங்கைக்குக் கொழும்பு தேசியக் காப்பகம், இந்தோனேசியாவுக்கு ஜகார்த்தா, தென்னாப்பிரிக்காவுக்குக் கேப்டவுன், ஆங்கிலப் பக்கத்துக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகம். எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை, உங்கள் வழித்தடத்தின் இரண்டு முனைகள் போதும்.

டச்சு தெரியாதே?

எனக்கும் தெரியாமல்தான் தொடங்கினேன். ஆறு மாதம் அடிப்படை டச்சு, அப்புறம் ஒரே எழுத்தரின் கையெழுத்தில் தினம் ஒரு பக்கம், இப்படிப் போனால் ஒரு வருடத்தில் வணிகக் கடிதத்தின் சாரம் பிடிபடும். அந்தக் கடிதங்கள் கவிதை ஒன்றும் இல்லை, சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்பவை.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. அந்த டச்சுக்குள் தமிழ் ஒளிந்திருக்கிறது. நெல்லை அவர்கள் "நெலி" என்றே எழுதினார்கள். கணக்கப்பிள்ளை "கனகாப்பல்" ஆகிறார், ராமநாதபுரத்துச் சேதுபதித் தேவர் "தேவர்" என்றே வேற்றெழுத்தில் வருகிறார், கவுல் (எழுதித் தரும் உறுதிச்சீட்டு) "கவுல்" ஆகவே நிற்கிறது. ஐரோப்பிய ஆய்வாளர் அகராதியைப் புரட்டும் இடத்தில் தமிழர் வாய்விட்டு ஒருமுறை படித்தாலே போதும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான், "பலியகட்டா" என்பது பழவேற்காடு, "டெக்னபட்னம்" தேவனாம்பட்டினம், "போர்ட்டோ நோவோ" பரங்கிப்பேட்டை. ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை எழுத்து வடிவம் கண்ணில் பட்டதோ அத்தனையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், தேடுபெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கணினி படித்த எழுத்தில் பிழை மலிந்திருக்கும் என்பதால் சொல்லின் முதல் பாதியை மட்டும் போட்டுத் தேடுவது பல நேரம் பலிக்கும்.

அடிமைக்கு அவர்கள் ஒரே சொல்லை வைத்திருக்கவில்லை. "ஸ்லாவன்" என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். உடல் இன்னொருவருக்குச் சொந்தமானவர் என்று பொருள்படும் "லெய்ஃபெய்கெனென்" என்ற சொல் உண்டு, பையன்கள், சிறுமிகள் என்று வயதால் சொல்வதுண்டு, தலைகள் என்று சொல்வதுண்டு, எல்லாவற்றையும்விடக் கொடுமையாக "ஸ்டுக்ஸ்" என்றும் உண்டு. நம் வணிகத் தமிழில் "உருப்படி" என்கிறோமே, அதுதான். துணி எத்தனை உருப்படியோ ஆளும் அத்தனை உருப்படி. சரக்குப் பட்டியலில் இந்தச் சொல்லைப் பார்த்தால், எந்தச் சரக்கின் உருப்படி என்று இருமுறை பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கையை எடுக்க வேண்டும்.

தேதிக்கும் ஓர் எச்சரிக்கை. டச்சுக் கம்பெனி புதிய கிரிகோரிய நாட்காட்டியில் எழுதியது, ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியனில். 17-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு ஆங்கிலேயருக்கு அப்போது புத்தாண்டு மார்ச் 25-இல், ஆகவே சென்னைக் குறிப்பில் 1687 பிப்ரவரி என்று இருந்தால் அது நம் கணக்கில் 1688. ஒரே கப்பல் புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தால் பதறாதீர்கள், நாட்காட்டியைப் பாருங்கள்.

அட்டவணை போடுங்கள், உடனே

குறிப்பேட்டில் எழுதிவைத்து அப்புறம் கணினியில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், ஏற்ற மாட்டீர்கள். முதல் நாளே ஓர் அட்டவணை. ஒரு வரிக்கு ஒரு கப்பல் பயணம், ஒரு கப்பல் இல்லை. கப்பலின் பெயர், புறப்பட்ட துறையும் நாளும், சேர்ந்த துறையும் நாளும், ஏற்றிய எண்ணிக்கை, இறங்கிய எண்ணிக்கை, வழியில் இறந்தோர், ஆண் பெண் சிறுவர் விவரம், விலை எந்த நாணயத்தில், விற்றவர், வாங்கியது கம்பெனி கணக்கிலா தனியார் கணக்கிலா, கடைசியாக மிக முக்கியமாக எந்தத் தொகுதியின் எந்தப் பக்கம். விலையை உடனே ஒரே நாணயத்துக்கு மாற்றாதீர்கள். வராகன், பணம், கில்டர் என்று எழுதியிருப்பதை எழுதியபடியே பதியுங்கள், கில்டரிலேயே ஆசியக் கணக்கும் தாயகக் கணக்கும் வேறாக ஓடிய காலங்கள் உண்டு. மாற்றிய மதிப்புக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

ஏற்றிய எண்ணும் இறங்கிய எண்ணும் வேறுபடும். அந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது. இறந்தார்களா, வழியில் வேறு துறையில் விற்றார்களா, மாலுமிகள் தங்கள் சொந்தச் சரக்காக மறைத்தார்களா, தப்பினார்களா? ஒரே கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, சேர்ந்த துறையின் தினக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓரளவு பிடிபடும்.

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன், பாடமாக இருக்கட்டும். பழவேற்காட்டுக் கடிதத்தில் ஓர் எண்ணிக்கை, பத்தாவியாவின் பொதுக் கடிதத்தில் ஓர் எண்ணிக்கை, இன்னொரு தொகுதியில் அதே ஆண்டுக்கு மூன்றாவது எண்ணிக்கை. மூன்றையும் கூட்டி, இதுவரை யாரும் பார்க்காத பெரிய ஏற்றுமதியைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு வாரம் மிதந்துகொண்டிருந்தேன். மூன்றும் ஒரே கூட்டம்தான். முதலாவது மூலம், மற்றவை அதைப் பார்த்துச் சுருக்கி எழுதிய படிகள், ஒன்றில் எழுத்தர் எண்ணை வேறு தவறாக எடுத்திருந்தார். படியோலை எது, மூல ஓலை எது என்று கேட்காத பாவம். அன்றிலிருந்து என் அட்டவணையில் "மூலமா, படியா" என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது.

எண்ணில் வராதவர்கள்

கம்பெனியின் காகிதம் கம்பெனியின் சரக்கைத்தான் எண்ணும். ஆனால் கம்பெனி ஊழியர்கள், அவர்கள் வீட்டார், நகரக் குடிகள், உள்ளூர் வணிகர்கள், போர்த்துக்கீசியர், டேனியர் எல்லோரும் இந்த வணிகத்தில் இருந்தார்கள். 1688 வாக்கில் டச்சு ஆசியாவில் கம்பெனிக்கு நேரடியாகச் சொந்தமான அடிமைகள் சுமார் 4,000 பேர்தான், தனியார் வீடுகளையும் சேர்த்தால் சுமார் 66,000 என்று விங்க் மதிப்பிடுகிறார். கம்பெனி கணக்கை மட்டும் பார்த்து எண்ணிக்கை சொன்னால் எவ்வளவு விட்டுவிடுவோம் என்று இதிலேயே தெரியும். அதே ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து ஆசிய வணிகர்கள் அச்சே, ஜொகோர் பக்கம் ஆயிரக்கணக்கானவர்களை, பெரும்பாலும் சிறுமிகளையும் சின்னப் பையன்களையும், கொண்டுபோனதாக டச்சுக்காரர்களே எழுதுகிறார்கள். போட்டியாளரின் வணிகத்தைப் பற்றிய புலம்பல் அது, அதனாலேயே எண்ணிக்கை கொஞ்சம் ஊதியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இப்படி ஒருவர் விட்டதை இன்னொருவர் சொல்வதுதான் அயலார் காட்சி. சென்னைக் கோட்டையின் 1687 செப்டம்பர்க் குறிப்பு ஒன்று எனக்கு எப்போதும் முதல் உதாரணம். பஞ்சத்தால் ஏழைகள் மலிந்து, விலையும் மலிந்து, இந்தத் துறையிலிருந்து அடிமை வணிகம் பெருகிவிட்டது, ஆகவே இனி அனுப்பும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம் ஆங்கிலக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 665 பேர் அங்கிருந்து போயிருக்கிறார்கள். தடுக்கவில்லை, வரி போட்டார்கள். சுங்கம் என்றால் பதிவேடு இருக்கும், பதிவேடு இருந்தால் எண்ணலாம், அதுவும் ஆய்வாளரின் கண்ணில் பட வேண்டிய விஷயம்.

தமிழிலேயே ஒரு சாட்சி இருக்கிறார், அவரை விட்டுவிட்டு டச்சுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், 1743-இல் ஆள் பிடிப்பவர்களைப் பற்றிய ஒரு நீண்ட பதிவு உண்டு. வேலை, கூலி என்று ஆசை காட்டியும் மருந்து வைத்து மயக்கியும் ஆட்களைக் கூட்டி வந்து, தலையை மழித்து, காலில் விலங்கு பூட்டி, ஒரு வீட்டில் அடைத்து வைத்து, இரவில் கப்பலேற்றியதை அவர் எழுதுகிறார். தப்பி வந்த ஒருவரால்தான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனிக் காகிதத்தில் "வாங்கிய" என்று ஒரு சொல்லில் போய்விடும் காரியம், பக்கத்துத் தெருவில் இருந்தவர் பேனாவில் எப்படித் தெரிகிறது பாருங்கள்.

விற்றவர் யார்?

சங்கடமான படி இது, தாண்டிப் போகத் தோன்றும். ஐரோப்பியர் கொண்டுவந்த கேடு என்று எழுதிவிட்டால் எளிது. ஆனால் ஆட்சி, அதாவது வழக்கம், என்ன சொல்கிறது? சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே தன்னையும் தன் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்ட ஆள்விலைப் பத்திரங்கள் உண்டு. நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள் உண்டு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சாதி என்பதும் நமக்குத் தெரியும். டச்சுக்காரர்கள் இந்த நிலத்தில் அடிமை முறையைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் செய்தது, ஊருக்குள் ஒரு பிடிமானத்தோடு இருந்த அடிமைத்தனத்தைக் கடல் தாண்டித் திரும்ப முடியாததாக ஆக்கி, பஞ்ச காலத்தில் மொத்தக் கொள்முதலாக மாற்றியது. பஞ்சம் தெளிந்தால் ஊரில் ஒருவேளை மீண்டிருக்கக்கூடியவர், பண்டாவில் ஜாதிக்காய் பொறுக்கிக்கொண்டு மீள முடியாது.

ஆகவே ஒவ்வொரு விற்பனையிலும் கேளுங்கள்: பெற்றோரா, தானேவா, பிடித்து வந்த படைவீரனா, தரகனா, கடன் கொடுத்தவரா? கம்பெனிக்கு முறையாக வாங்கியதற்குச் சீட்டு வேண்டும், அதனால் சீட்டுகள் எழுதப்பட்டன. சீட்டு இருப்பதாலேயே விற்பனை முறையானது என்று ஆகிவிடாது. ஆள் பிடிப்பவர்கள் சீட்டைத்தான் முதலில் தயார் செய்வார்கள். கொச்சி டச்சு நீதிமன்றப் பதிவுகளில், தான் கடத்தப்பட்டதாக விற்கப்பட்டவர்களே சொல்லும் வாக்குமூலங்கள் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வழியாக, எழுத்தரின் வாக்கியத்தில் வரும் குரல்தான், ஆனாலும் சீட்டுக்கு எதிராக நிற்கும் குரல்.

அக்கரையில் தேடுதல்

ஏற்றும் துறையில் எண்ணாக இருந்தவர் இறங்கும் துறையில் சில நேரம் பெயராக மாறுவார். அந்தப் பெயர் பெற்றோர் வைத்ததாக இருக்காது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் (கேப்) 1652 முதல் 1808 வரை கொண்டுவரப்பட்ட சுமார் 63,000 அடிமைகளில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்கள் பதிவில் "ஃபன் பெங்காலன்", "ஃபன் மலபார்", "ஃபன் டி குஸ்ட்" என்று வரும். குஸ்ட் என்றால் கரை, கரை என்றால் நம் சோழமண்டலக் கரை. வங்காளத்து ஆங்கெலா என்ற பெண் 1666-இல் விடுதலையாகி, 1669-இல் மணம் முடித்து, இன்று பல கேப் குடும்பங்களின் மூதாதையாக அறியப்படுகிறார். கரையைச் சேர்ந்த ஆட்களையும் இதே போல உயில், விடுதலைப் பத்திரம், ஞானஸ்நானப் பதிவு, வழக்கு என்று தொடரலாம்.

ஆனால் பெயரொட்டை அப்படியே நம்பாதீர்கள். அது பிறந்த ஊராகவும் இருக்கலாம், ஏற்றிய துறையாகவும் இருக்கலாம், விற்றவர் சொன்னதாகவும் இருக்கலாம். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பிறந்து நாகப்பட்டினத்தில் ஏறி, பத்தாவியாவில் கைமாறி, ஊர் திரும்பும் அதிகாரியின் பெட்டிகளோடு முனைக்குப் போனவரை எந்த ஊர்க்காரராக எழுதியிருப்பார்கள்? ஜனவரி, செப்டம்பர் என்று மாதப் பெயரே ஆளின் பெயராக இருக்கும் இடங்களில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், உரிமையாளர் பெயரையும் சேர்த்துப் பதிந்தால்தான் பிரித்தறிய முடியும்.

கொழும்பில் ஓர் இடத்தை ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பொருள்படும் பெயரால் நெடுங்காலம் அழைத்தார்கள். தமிழில் அது கொம்பனித் தெரு. ஒரு மொழி அடைக்கப்பட்டவர்களை நினைவில் வைத்தது, இன்னொரு மொழி அடைத்தவனை. இடப்பெயர்களையும் ஒரு பக்கம் சேகரித்து வையுங்கள்.

துணியை விட்டுவிடாதீர்கள்

அடிமை வணிகம் பற்றி ஆராய்பவர் துணிக் கணக்கைப் படிக்காமல் தாண்டுவது பெரிய நஷ்டம். சோழமண்டலத் துணிதான் இந்தோனேசியத் தீவுகளில் நறுமணப் பொருளுக்கு விலை. அந்த நறுமணப் பொருளை விளைவிக்கக் கொண்டுபோனவர்களில் இந்தக் கரையின் ஆட்களும் உண்டு. தறியும் தோட்டமும் ஒரே கப்பலில் போயின. இன்னொரு பக்கம், கினி என்ற வணிகப் பெயரில் இங்கு நெய்த துணி ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே ஆட்களை வாங்கும் பண்டமாற்றுச் சரக்காக இருந்தது. புதுச்சேரியின் நீலச் சாயத் துணி செனகல் பக்கம் பணமாகவே புழங்கியது. நம் கரையின் நெசவாளிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் அட்லாண்டிக் கதையும் நம் கதையும் தனித்தனி என்று எழுதுகிறவர் ஒரு கினித் துணிப் பட்டியலையாவது கடைசி வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். எந்த ஊரில் கொள்முதல், எந்தக் கப்பல், எந்த ஏலம், எந்தக் கோட்டை? செய்து பார்த்தால் ஒரு தனிக் கட்டுரை வரும்.

எழுத உட்காரும்போது

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, செயப்பாட்டு வினை. "அடிமைகள் ஏற்றப்பட்டனர், விற்கப்பட்டனர், கொண்டு செல்லப்பட்டனர்" என்று எழுதிக்கொண்டே போகலாம், செய்தவன் ஒருவனும் வாக்கியத்தில் இருக்க மாட்டான். நானும் மேலே சில இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், ஆவணத்தின் நடை தொற்றிக்கொள்கிறது. முதல் வரைவு முடிந்ததும் "பட்ட" என்று வரும் இடங்களையெல்லாம் தேடி, யார் ஏற்றியது, யார் விற்றது என்று தெரிந்த இடத்தில் எழுவாயை எழுதுங்கள். தெரியாத இடம் எது என்பதும் அப்போதுதான் உங்களுக்கே தெரியும், திரும்பக் காப்பகத்துக்குப் போக ஒரு பட்டியல் கிடைக்கும்.

இரண்டாவது, அடிமை என்ற சொல். "அடிமையாக்கப்பட்டவர்" என்றே எழுத வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், காரணம் நியாயமானது, ஆள் பிறவியிலேயே அடிமை இல்லை. ஆனால் தமிழில் அந்தச் சொல் ஒவ்வொரு வரியிலும் வந்தால் வாக்கியம் நொண்டும். நான் முடிந்த இடத்திலெல்லாம் ஆள், பெண், சிறுவன், நெசவாளி என்று ஆவணம் தரும் விவரத்தை வைத்தே எழுதுகிறேன். சட்ட நிலையைச் சொல்லும் இடத்தில் அடிமை என்கிறேன். ஆவணம் உருப்படி என்று சொன்னால் அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைக்கிறேன், மென்மையாக்குவதில்லை.

அட்டவணையை வெளியிடும்போது காலிக் கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். இறந்தோர் எண்ணிக்கை ஆவணத்தில் இல்லை என்றால் அங்கே பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் ஒருவரும் சாகவில்லை என்று அர்த்தம், உங்களுக்குப் பின் வரும் ஒருவர் அதைக் கூட்டிச் சராசரி எடுத்துவிடுவார்.